முழுதாகக் கேட்ட ஒருவர்

'அம்மா' என்ற சொல்லை நாங்கள் இரண்டு வெள்ளைச் சட்டைகளின் இஸ்திரிக் கூலிக்கு வாங்கினோம். விலை கொஞ்சம் அதிகம்தான். அன்று முதல் நாள், நிலவரம் தெரியாது. மொழியைச் சொல்லித்தந்தவருக்கு எங்கள் பல்கலைக்கழகத் துறை ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த தொகையை அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்த சொற்களால் வகுத்து, அதைச் சட்டைக் கணக்கில் மாற்றிச் சொன்னேன். மூன்றாவது வாரத்தில் விலை ஒரு கைக்குட்டைக்கு இறங்கிவிட்டது. 'வீடு', 'மழை', 'நாய்', 'நேற்று' எல்லாம் கைக்குட்டை விலைக்கே வந்தன.

யாரும் கேட்காத கணக்கு இது. நான் மொத்த ஜவுளி வியாபாரியின் மகள். எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்கூட டாக்டரிடம் "கடைசியா என்ன சொல்றீங்க" என்று கேட்டுவிட்டுத்தான் நாக்கை நீட்டுவார்கள். வகுப்பில் எனக்கு வைத்த பெயர் முதலாளி. அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

பாடம் இதுதான்: அகராதி இல்லாத, இலக்கணப் புத்தகம் இல்லாத, எழுத்தே இல்லாத ஒரு மொழியைப் பேசுகிறவரை எதிரில் உட்காரவைத்து, கேட்டுக் கேட்டே அந்த மொழியை எழுதி எடுக்கப் பழகுவது. ஆறு மாதம். நாங்கள் ஐந்து மாணவர்கள், நடத்துகிற பேராசிரியர் மேடம், எதிரில் அக்கா.

அக்கா பல்கலைக்கழகத்துக்கு இரண்டு தெரு பின்னால், பாலத்துக்குக் கீழே இருந்த சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். மேடம் சலவைக்குப் போட்ட தன் கோட்டை வாங்கப் போனபோது உள்ளே யாரோ ஹேங்கர்களை எண்ணுவது காதில் விழுந்திருக்கிறது. முப்பது வருடமாக மொழிகளைத் தேடி அலைந்த காது அது. ஒன்றிலிருந்து பதினேழு வரை கேட்டுவிட்டு, கோட்டை மறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "இது என்ன மொழி?" என்று கேட்டிருக்கிறார். அக்கா பயந்துபோய் எண்ணுவதை நிறுத்திவிட்டாராம். அவரைப் பேசவைக்க மேடம் நான்கு தடவை அதே கோட்டைச் சலவைக்குப் போட வேண்டியிருந்தது.

வகுப்பறை இரண்டாவது மாடியில். எதிரொலி வராமல் இருக்க ஜன்னலில் எங்கள் கடையின் விற்காத திரைத்துணியைத் தொங்கவிட்டிருந்தோம். நடுவில் மேசை, மேசைமேல் ரெக்கார்டர். அதைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு மைக் என்று பெயர். அந்த மேசையில் எந்தப் பக்கம் நாற்காலி போட்டாலும் அக்கா அதைத் திருப்பி, கதவு தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டுதான் உட்காருவார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் பேச்சு பாதியில் நிற்கும்; சத்தம் தாண்டிப் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நாங்கள் அதை ஒலிப்பதிவின் தரத்துக்கு அவர் காட்டும் அக்கறை என்று நினைத்தோம். மைக் அதற்காக அவருக்கு நன்றிகூடச் சொன்னான்.

முதலில் உடல் உறுப்புகள். தலை, காது, முட்டி. மணிக்கட்டுக்கு வந்தபோது அக்கா தன் இடதுகையைக் காட்டிச் சொல்லைச் சொல்லிவிட்டு, "இது திரும்பாது" என்றார். உண்மையிலேயே திரும்பாது. சட்டையை மடிக்கும்போது இடது முழங்கையால்தான் அழுத்திக்கொள்வார். கீழே விழுந்தீர்களா என்று யாரோ கேட்டதற்கு, விழவில்லை என்று மட்டும் சொன்னார். மைக் அடுத்த உறுப்புக்குப் போனான்.

பிறகு வாக்கியங்கள். மொழியியல் படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாக்கியம் வேண்டும் என்றால் யாரையாவது அடிக்கவைப்பார்கள். அவன் இவனை அடித்தான், இவன் அவனை அடித்தான், இருவரும் சேர்ந்து ஆட்டை அடித்தார்கள். இரண்டு மணி நேரம் இந்த அடிதடி நடந்த பிறகு அக்கா தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "படிச்சவங்க ஊர்ல இதான் வேலையா? ஒருத்தராவது சும்மா உக்காந்திருக்க மாட்டாங்களா?" எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மைக் அடுத்ததைக் கேட்டான்: "புருஷன் பொண்டாட்டியை அடித்தான்." அக்கா அதைச் சொல்லவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் தாளைப் புரட்டி வேறு பக்கத்துக்குப் போனார்.

இன்னொரு வாக்கியமும் கிடைக்கவில்லை. நடக்கப்போவதைச் சொல்லும் பேச்சு வேண்டும் என்று நான் "அவன் வருவான்" என்பதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். சாதாரண வாக்கியம். எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் பத்தில் இருக்கும். அக்கா தலையசைத்தார்.

"அத நான் வாயால சொல்ல மாட்டேன். வேற யாராவது வரட்டும். தபால்காரர் வருவார்னு கேளு, சொல்றேன்."

தபால்காரரை வைத்தே எழுதிக்கொண்டோம். எங்கள் குறிப்பேடுகளில் மழை வரும், பேருந்து வரும், தபால்காரர் வருவார். 'அவன்' மட்டும் வரவில்லை. ஏதோ நம்பிக்கை, சில வாக்கியங்களைச் சொல்லக் கூடாதுபோலும் என்று நான் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். மேடம் அதற்கு ஒரு டிக் போட்டார்.

நான்காவது மாதக் கடைசியில் கதை கேட்கும் கட்டம் வந்தது. சொல் சொல்லாக, வாக்கியம் வாக்கியமாகப் பிடுங்குவதை நிறுத்திவிட்டு, பேசுகிறவரைத் தன் போக்கில் பேசவிட வேண்டும், குறுக்கிடக் கூடாது. ஆளுக்கு ஒரு பதிவு. அதைப் பல்கலைக்கழகத்தின் இணையக் காப்பகத்தில் ஏற்ற வேண்டும். அதற்கு அக்காவின் ஒப்புதல் வேண்டும். படிவத்தில் இரண்டு கட்டங்கள்: 'வகுப்பில் உள்ளவர்கள் மட்டும் கேட்கலாம்', 'எல்லோரும் கேட்கலாம்'. இரண்டாவதில் குறி வாங்கி வருகிறவர்களுக்கு மேடத்திடம் தனி மரியாதை. பூட்டிவைத்த மொழி யாருக்கும் பயன்படாது என்பது அவர் கட்சி.

என் முறை. அக்கா வகுப்பறையில் கதை சொல்ல வரவில்லை. கடையின் பின்னறைக்கு வரச் சொன்னார். மதியம் முதலாளியம்மா சாப்பிடப் போகிற நேரம். நீராவி வாடை. சுவர் முழுக்கக் கம்பியில் மற்றவர்களின் சட்டைகள் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தன. நான் படிவத்தைப் படித்துச் சொன்னேன். அக்கா பேனாவை முதல் கட்டத்துக்குக் கொண்டுபோனார்.

அங்கேதான் என் ரத்தம் வேலை செய்தது. வாடிக்கையாளர் மலிவுத் துணியைத் தொட்டதும் எங்கள் அப்பா பதறமாட்டார். அதையே புகழ்வார். புகழ்ந்துகொண்டே நல்லதை மடியில் விரிப்பார். நானும் அப்படியே செய்தேன். முதல் கட்டமும் நல்லதுதான் அக்கா, ஆனால் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், உங்கள் குரலைப் பூச்சி அரிக்கும் என்றேன்.

"எல்லாரும்னா யாரு?" என்று கேட்டார்.

"எங்களை மாதிரி படிக்கிறவங்கதான்க்கா."

"கேட்டா புரிஞ்சிடுமா?"

"யாருக்குப் புரியும்? இந்த மொழியில ஒரு அகராதி உண்டா, ஒரு புத்தகம் உண்டா? உலகத்துலயே தெரிஞ்சவங்க நாங்க அஞ்சு பேரு, எங்களுக்கே 'நாய் படுத்திருக்கு' தாண்டி வரல. பூட்டே வேண்டாத பெட்டிக்கா இது."

சிரித்தார். "நல்லா யாவாரம் பண்ற, தங்கச்சி" என்று சொல்லிவிட்டு இரண்டாவது கட்டத்தில் குறி போட்டார்.

ரெக்கார்டரை அழுத்தினேன். பத்தொன்பது நிமிடம் நாற்பது நொடி. எனக்கு ஆங்காங்கே ஒரு 'வீடு', ஒரு 'தங்கை', ஒரு 'கூடை' தவிர ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் இந்த ஊரில் ஆறு வருடமாக ஹேங்கர் எண்ணுவதற்கு மட்டும் பயன்பட்ட மொழி அது, கட்டவிழ்த்துவிட்டதும் கொட்டியது. முடிவில் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அன்றே பதிவை ஏற்றினேன். கூடவே ஒரு விவரப் படிவம் உண்டு. மற்றவர்கள் அதில் பாதியைக் காலியாக விடுவார்கள். நான் பில் போட்டே வளர்ந்தவள்: மொழியின் பெயர், பேசியவரின் முழுப்பெயர், வயது, சொந்த ஊர், பதிவு செய்த இடம், தெரு, கடை, எந்த அறை, மணி. இவ்வளவு சுத்தமாக யாரும் நிரப்பியதில்லை என்று மேடம் வகுப்பில் படித்துக் காட்டினார்.

அது முடிந்து விடுமுறை. விடுமுறை முடிந்து பதிவைக் காகிதத்தில் இறக்கும் வேலை. ஒரு நிமிடப் பேச்சை எழுதி, பொருள் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். பின்னறையில் அக்கா இஸ்திரி போடுவார். நான் தரையில் உட்கார்ந்து இரண்டு நொடி, மூன்று நொடியாக ஓடவிட்டு, என்ன சொன்னீர்கள் என்று கேட்பேன். முதல் நான்கு நிமிடம் அவர் கல்யாணமாகிப் போன வீடு. ஐந்தாவது நிமிடத்தில் மணிக்கட்டு வந்தது. கதவுச் சட்டத்தில் வைத்து, கதவைச் சாத்தியிருக்கிறான் புருஷன். நான் எழுதினேன். சட்டைமேல் இஸ்திரிப் பெட்டி நகர்ந்துகொண்டே இருந்தது. ஒரு தடவையும் அக்காவின் குரல் உடையவில்லை. ஆறாவது, ஏழாவது, எட்டாவது நிமிடம். சந்தைநாள், நட்டநடுப் பகல். துவைக்கப் போகிறவள்போல் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க நடந்தே வெளியேறியிருக்கிறார். "ராத்திரி போனா ஓடுறான்னு தெரியும். பகல்ல கூடையோட போனா துவைக்கப் போறான்னு தெரியும்" என்றார். சரக்கை ஒளித்துவைக்கச் சிறந்த இடம் கடையின் முன்வரிசைதான் என்று எங்கள் அப்பாவும் சொல்வார். அந்த ஒப்பீட்டை நான் ரசித்தேன். இன்னும் எனக்கு உறைக்கவில்லை.

பதினோராவது நிமிடம். கூடையின் அடியில், ஈரத்துணிக்குக் கீழே, பேருந்துக் காசு. வைத்தது தங்கை.

"தங்கச்சி இப்ப எங்கக்கா இருக்காங்க?"

"அங்கயேதான். எங்க வீட்டுல இருந்து எட்டு வீடு தள்ளி. ரெண்டு பிள்ளைங்க. காசு வெச்சது அவதான்னு அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒரு ஊருன்னு தேடுறாராம், அவர் தம்பியோட லாரில. போன வருஷம் துறைமுகம் பக்கம்."

எழுதிக்கொண்டிருந்த பேனா தானாக நின்றது. கேள்வி என் வாயிலிருந்து வருவதற்கு முன்பே பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"அக்கா, அவருக்கு இந்த மொழி வருமா?"

அக்கா சிரித்துவிட்டார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"வருமாவா? அவருக்கு வேற எதுவும் வராதே."

பின்னறையில் வெப்பம் எப்போதும் வியர்க்கவைக்கும். எனக்குக் குளிர்ந்தது. உலகத்தில் யாருக்கும் தெரியாத மொழி என்று நாங்கள் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்களுக்குத் தெரியாத மொழி என்பதுதான் அதன் அர்த்தம். தெரிந்தவர்கள் அக்காவின் ஊரில் ஒரு பள்ளத்தாக்கு நிறைய இருந்தார்கள். அக்கா யாரிடமிருந்து ஓடி வந்தாரோ அவர்கள்தான் அந்த மொழி. நான் ஏதோ சாக்குச் சொல்லி எழுந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கதவுப்படியில் கால் தடுக்கியது மட்டும் நினைவிருக்கிறது.

மேடம் அறைக்கு ஓடினேன். மூச்சு வாங்க இரண்டு வாக்கியம் சொன்னதுமே அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் காலத்துல டேப்பை அலமாரில வெச்சுப் பூட்டுவோம்" என்றார், என்னிடம் அல்ல. கணினியில் மொழியின் பெயரை அடித்தார். பெரிய மொழி என்றால் கோடிக்கணக்கில் வந்து கொட்டும். அதில் ஒரு பெண் ஒளிந்துகொள்ளலாம். இங்கே வந்தது ஒன்றே ஒன்று. அந்த மொழியின் பெயரை இந்த உலகத்தில் யார் எந்த மூலையிலிருந்து தேடினாலும் நேராகப் பாலத்துக்குக் கீழே, சலவைக் கடையில், பின்னறையில் கொண்டுபோய் விடும். என் சுத்தமான பில்.

"எங்க ஊர்ல இப்ப எல்லார் கையிலயும் போனு" என்று அக்கா என்றைக்கோ சொன்னது ஞாபகம் வந்தது. அதை நான் 'கை' என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டாக எழுதிவைத்திருந்தேன்.

காப்பக அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். மேடம் மூன்று எண்களுக்குப் போன் அடித்தார். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் பார்வையால் அதை மூடிவைக்க முடியும்போல. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: கேட்கப்பட்டது, பதினொரு முறை.

எண் என்று ஒன்று கண்ணில் பட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. மேடத்தைக் கேட்டேன், இரண்டு தடவை என்றார். மைக்குக்குப் போன் போட்டேன். சத்த அளவு சரிபார்க்க மூன்று தடவை என்றான். மற்ற மூவரும் திறக்கவே இல்லை. நான் ஐந்து தடவை. என் சாமர்த்தியத்தை நானே ரசிக்கத்தான்.

பத்து.

மறுபடி கேட்டேன். மைக், நல்லா யோசிச்சுச் சொல்லு, நாலா? அவன் சத்தியம் பண்ணாத குறையாக மூன்று என்றான். எங்கள் கடையில் சாயங்காலம் கல்லாவில் ஒரு காசு குறைந்தால் அப்பா ஷட்டரை இறக்கவிடமாட்டார். காசுக்காக அல்ல. ஒரு காசு குறைகிறது என்றால், நாம் பார்க்காத ஒரு கை உள்ளே வந்து போயிருக்கிறது என்பார். நான் அப்போதெல்லாம் பசியில் அவரைத் திட்டுவேன்.

அதிகாரி வந்தார். பதிவை எடுத்தார். பக்கம் வெள்ளையானது. மேடம் போனைக் கீழே வைக்கவில்லை. கேட்டவர்களின் விவரம் கிடைக்குமா என்றார். யார், எங்கிருந்து என்பது பதிவாகாது. எந்த நாள், எவ்வளவு நேரம் என்பது மட்டும் இருக்கும் என்று அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். மேடம் நான்கு நிமிடத்தில் ஒரு தடவை, இரண்டு நிமிடத்தில் ஒரு தடவை நிறுத்தியிருந்தார். மைக் மூன்று தடவையும் அரை நிமிடம். நான் அதிகபட்சம் ஏழு நிமிடம். எனக்கே அதற்குமேல் பொறுமை இல்லை.

பதினோராவது: ஆறு நாளைக்கு முன், மதியம். பத்தொன்பது நிமிடம் நாற்பது நொடி.

மேடமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. புரியாத பேச்சை யாரும் இருபது நிமிடம் கேட்கமாட்டார்கள். துணியை ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்க்கிறவர் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல என்பது எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும்.

"நான் சொல்றேன்" என்று மேடம் எழுந்தார். வேண்டாம், விற்றவள் நான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஆறு நிமிட நடை. தெருவில் நின்ற ஒவ்வொரு ஆளும் என்னைப் பார்ப்பதாகப் பட்டது. பாலத்துக்கு அடியில் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் எண் பலகையைப் படித்தேன். எந்த எண் ஆபத்தானது என்று எனக்கு எப்படித் தெரியும்? நடந்துகொண்டே அப்பாவுக்குப் போன் செய்தேன். ஒன்றை நம் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றேன்.

"சரக்கா, ஆளா?"

"ஆளுப்பா. ஒரு அக்கா."

"பில்லு இருக்கா?"

"இருக்கக் கூடாதுப்பா."

வாழ்க்கையில் முதல்தடவையாக அப்பா பேரம் பேசவில்லை. பின்வாசலில் வந்து இறங்கச் சொல், மேல்மாடி காலியாகத்தான் இருக்கிறது என்றார்.

சலவைக் கடையின் முன்னால் ஒரு ஆள் நின்றிருந்தான். அகன்ற முதுகு, தூசி படிந்த சட்டை. கல்லாமேல் ஒரு கையை ஊன்றி, எட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, தெருவில் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். அவன் திரும்பினான். கையில் நீல டோக்கன்.

"ரெண்டு பேண்ட்டு குடுத்தேங்க. ஒண்ணுதான் வருது" என்றான்.

முதலாளியம்மா இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவர்களைத் தாண்டிப் பின்னறைக்குப் போனேன். அக்கா கதவைப் பார்த்தபடி நின்று ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கதையை முடிக்காம ஓடிட்ட? பன்னெண்டாவது நிமிஷத்துல லாரி டிரைவர் வருவார், நல்ல மனுஷன்" என்றார்.

சொன்னேன். எதையும் மெருகேற்றவில்லை. 'எல்லோரும்' என்றால் உண்மையிலேயே எல்லோரும்தான் என்று சொன்னேன். உங்கள் பெயரையும் இந்தக் கடையையும் எழுதியது நான் என்று சொன்னேன். எடுத்துவிட்டோம், ஆனால் இருபத்துமூன்று நாள் இருந்தது என்று சொன்னேன். அக்காவின் பெட்டி காலர்மேல் நின்றுபோயிருந்தது. தீய்ந்த வாடை வந்ததும் எடுத்தார். காலரில் பழுப்பாக ஒரு தழும்பு.

"எத்தன பேரு கேட்டாங்க?"

"பத்து தடவை நாங்கதான். ஒண்ணு யாருன்னு தெரியல."

"அந்த ஒருத்தர் பாதியில விட்டுட்டாரா, முழுசா கேட்டாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஐந்து நிமிடம், மூன்று நிமிடம், எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை நம்பி அவர் இங்கேயே நின்று காலர் தேய்ப்பார்.

"முழுசா."

அக்கா தலையாட்டினார், விலையை ஒத்துக்கொள்கிறவர்போல. இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். மூலையில் தொங்கிய பையிலிருந்து போனை எடுத்துத் தங்கைக்கு அடித்தார். முதல் தடவை மணி அடித்து நின்றது. இரண்டாவது தடவையும். அந்த இரண்டு தடவைக்கும் நடுவில் அவர் முகம் இருந்த இருப்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்கள்.

அக்கா பேசினார். தன் மொழியில், வேகமாக, தாழ்ந்த குரலில். எதிரில் ரெக்கார்டர் இல்லை, திருப்பிச் சொல்லச் சொல்ல யாரும் இல்லை. எனக்கோ ஒவ்வொன்றும் புரிந்தது. தங்கை. பிள்ளைகள். கதவு. தண்ணீர் எடு. நாளைக்கு இல்லை, இன்று. கூடை. கைக்குட்டை விலைக்கு நாங்கள் ஒவ்வொன்றாக வாங்கிப் பட்டியல் போட்ட சொற்கள்தான் எல்லாம்; ஓடுவதற்கு வேண்டியவை அத்தனையும் முதல் இருநூறுக்குள்ளேயே இருந்திருக்கின்றன. ஒரு புதிய மொழி கேட்கக் கேட்கவே விளங்கும் அந்தக் கணத்துக்காகத்தான் எல்லோரும் இந்தப் படிப்புக்கு வருகிறோம். எனக்கு அது அந்தப் பின்னறையில் வாய்த்தது.

எதிர்முனையில் தங்கை ஏதோ கேட்டிருக்க வேண்டும். ஏன் என்றோ, நிச்சயமா என்றோ. அக்கா ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு, தபால்காரரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவனை வைத்தார். நான்கு மாதமாக எந்த விலைக்கும் தராத வாக்கியம்.

அவன் வருவான்.

போனை வைத்தார். நான் அப்பாவின் கடையைப் பற்றிச் சொன்னேன்: மேல்மாடி, பின்வாசல், யாரும் கேட்கமாட்டார்கள், தங்கையும் பிள்ளைகளும்கூட வந்து சேரலாம். இது வியாபாரமில்லை அக்கா என்றேன். அக்கா பையில் தன் சீப்பை, ஒரு துண்டை, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த துணிக்கூடையை எடுத்து, அதில் பையை வைத்து, மேலே நான்கு அழுக்குச் சட்டைகளைப் பரப்பினார்.

"வேண்டாங்க" என்றார். ஐந்து மாதத்தில் முதல்தடவையாக எனக்கு 'ங்க' போட்டார். தங்கச்சி போய்விட்டது. "நான் எங்க போறேன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்க்கா."

"சொல்லமாட்டீங்க. எழுதிடுவீங்க."

கூடையை இடுப்பில் ஏற்றி, திரும்பாத மணிக்கட்டை விளிம்பில் மாட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே போனார். முதலாளியம்மா இன்னமும் நீல டோக்கன்காரரின் பேண்ட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அக்காவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் வாசலில் நின்று எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மேடம் பாடத்தை நிறுத்தினார். ரெக்கார்டரில் இருந்ததையும் அழித்தோம். படிவங்களை அவர் கிழிக்க, துண்டுகளை மைக் ஒரு பையில் அள்ளிப் போட்டான். அந்தப் பதினோராவது ஆள் ஊரை நினைத்து ஏங்குகிற யாரோ ஒரு பாவப்பட்டவராகவும் இருக்கலாம், தன் மொழி கேட்கக் கிடைத்ததே என்று கடைசிவரை கேட்டிருக்கலாம் என்று அவன் சொன்னான். இருக்கலாம். தினமும் அதை நம்பிப் பார்க்கிறேன். நான் போய் இரண்டு தடவை சலவைக் கடையில் சட்டை போட்டுவிட்டு வந்தேன். யாராவது அக்காவை விசாரித்து வந்தார்களா என்று முதலாளியம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால், அந்தக் கேள்வியே அங்கே ஒரு தடயமாகத் தங்கிவிடும்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கை மூடிவைக்க முயன்றேன். ஊர், பெயர் எதுவும் எழுதவில்லை, எண் மட்டும்.

வாங்கிய சொற்கள், ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று. வாக்கியங்கள், நானூற்றுப் பன்னிரண்டு. எழுதாமல் விட்டது, ஒன்று. கதை, ஒன்று, பதினொரு நிமிடம் வரை பொருள் தெரியும், மிச்சம் தெரியாது. அக்காவுக்குத் தர வேண்டிய கூலி, பதினான்கு மணி நேரம். வாங்க ஆள் இல்லை.

கேட்கப்பட்டது, பதினொன்று. மேடம் இரண்டு, மைக் மூன்று, நான் ஐந்து. கூட்டினால் பத்து.

மறுபடி கூட்டினேன். பத்து.